லவுசிட்ஸ் சுரங்கங்களும் ஷ்ப்ரே ஆற்றின் நீர்க்கணக்கும்

ஜெர்மனியின் கிழக்கு எல்லையை ஒட்டி, பிராண்டன்பர்க் மாநிலத்தின் தென்கிழக்குப் பகுதியும் சாக்சனி மாநிலத்தின் வடகிழக்குப் பகுதியும் சேர்ந்த நிலப்பரப்புக்கு லவுசிட்ஸ் என்று பெயர். ஆண்டுக்கு 600 மில்லிமீட்டருக்கும் குறைவாகவே மழை பெய்யும் இந்தப் பகுதி, அந்நாட்டின் வறண்ட வட்டாரங்களில் ஒன்றாக எண்ணப்படுவது. ஆயினும் பனியுகத்துப் பனிப்பாறைகள் விட்டுச்சென்ற மணல் படுகைகளில் நிலத்தடி நீர் மிக மேலாகவே நின்றதால், சுரங்கம் வருவதற்கு முன் இது ஈரப் புல்வெளிகளும் சதுப்புகளும் குளங்களும் நிறைந்த நாடாக இருந்தது. தெற்கு மலைகளில் பிறந்து இந்நிலத்தின் ஊடே வடக்கு நோக்கிச் செல்லும் ஷ்ப்ரே ஆறு, கொட்புஸ் நகரைக் கடந்ததும் நூற்றுக்கணக்கான கால்வாய்களாகப் பிரிந்து ஷ்ப்ரேவால்ட் என்னும் நீர்க்காட்டை உண்டாக்கி, பிறகு ஒன்றுகூடி பெர்லின் மாநகரை அடைகிறது. இந்த ஒரே ஆற்றை நம்பித்தான் மேல்பகுதியில் நிலக்கரிச் சுரங்கங்களும் மின் நிலையங்களும், நடுவில் மீன் குளங்களும் படகுத் தொழிலும், கீழ்ப்பகுதியில் ஒரு தலைநகரின் குடிநீரும் இருக்கின்றன என்பதால், லவுசிட்ஸின் சுரங்க வரலாறு தொடக்கம் முதலே நீரின் வரலாறாகவும் அமைந்துவிட்டது.

சுரங்கத்துக்கு முந்தைய காலத்திலும் இங்கே நீர் சும்மா ஓடிக்கொண்டிருக்கவில்லை. ஈரப் புல்வெளிகளின் அடியில், இரும்பு கலந்த நிலத்தடி நீர் காற்றைத் தொடும் ஆழத்தில், காலப்போக்கில் படிந்து இறுகிய இரும்புத் தாது கிடைத்தது. அதை வெட்டியெடுத்து உருக்கும் ஆலை 16ஆம் நூற்றாண்டில் கொட்புஸுக்கு அருகேயுள்ள பைட்ஸ் என்னும் சிற்றூரில் ஏற்பட்டது. அந்த ஆலையின் சம்மட்டிகளை இயக்கவும் கோட்டை அகழிக்கு நீர் தரவும் ஷ்ப்ரே ஆற்றிலிருந்து ஒரு வாய்க்கால் வெட்டப்பட்டு, சம்மட்டி வாய்க்கால் என்ற பொருளில் ஹாமர்கிராபன் என்று பெயர் பெற்றது. அதன் நீரைக் கொண்டே கெண்டை வகை மீன்களை வளர்க்கும் பெருங்குளங்களும் அமைந்தன. பைட்ஸ் கெண்டைக்கு இன்றளவும் அந்நாட்டில் மதிப்பு உண்டு. இந்த வாய்க்காலும் அந்த இரும்பும் நான்கு நூற்றாண்டு கழித்து, முற்றிலும் வேறு காரணங்களுக்காக, மீண்டும் ஆற்றின் கணக்கில் வந்து சேரப்போகின்றன.

லவுசிட்ஸில் பழுப்பு நிலக்கரி இருப்பது 1789இல் லவுகாமர் வட்டாரத்தில் முதன்முதலாகப் பதிவானது. அடுத்த நூற்றாண்டின் நடுப்பகுதி வரை சிறு குழிகளாக நடந்த தொழில், இரயில் பாதைகளும் நிலக்கரிப் பொடியை அழுத்திக் கட்டியாக்கும் ஆலைகளும் வந்தபின் பெருகியது. 1924இல் பிளெஸ்ஸா என்னும் ஊரில், நிலக்கரிக்கு மேலுள்ள மண்ணை வெட்டி, சுரங்கத்தின் குறுக்கே ஒரு பாலத்தின் வழியாகக் கொண்டுசென்று, நிலக்கரி எடுத்து முடித்த பக்கத்தில் கொட்டும் இயந்திரம் உலகிலேயே முதன்முறையாக இயங்கத் தொடங்கியது. இந்தப் பாலங்களின் வளர்ச்சியே பின்னால் 60 மீட்டர் கனமுள்ள மண்ணைப் புரட்டக்கூடிய, 500 மீட்டருக்கும் நீளமான எஃகு அமைப்புகளில் முடிந்தது. மண்ணை இத்தனை எளிதாகப் புரட்ட முடிந்ததே தவிர, மண்ணுக்குள் இருந்த நீரை அப்படி ஒதுக்க முடியவில்லை. மணலில் ஊறி நிற்கும் நீர் திறந்த குழியின் சரிவுகளில் கசிந்தால் சரிவு குலையும். அடியிலுள்ள நீரின் அழுத்தம் தளத்தை மேலே தள்ளும். ஆகவே சுரங்கம் முன்னேறும் திசையில், நிலக்கரி தோண்டுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, வரிசை வரிசையாகக் குழாய்க் கிணறுகளை இறக்கி, இரவு பகலாக நீரை இறைத்து, நிலத்தடி நீர்மட்டத்தை நிலக்கரிப் படுகைக்கும் கீழே கொண்டுபோவது வழக்கமாயிற்று.

இந்த இறைப்பின் அளவே பின்வந்த எல்லாச் சிக்கல்களுக்கும் வேர். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு உருவான கிழக்கு ஜெர்மனிக்கு எண்ணெயோ போதிய கருநிலக்கரியோ இல்லாததால், அதன் மின்சாரமும் வெப்பமும் நகர எரிவாயுவும் பெரும்பாலும் பழுப்பு நிலக்கரியையே சார்ந்தன; 1980களின் முடிவில் அந்நாடு ஆண்டுக்கு ஏறத்தாழ 30 கோடி டன் வெட்டி, உலகில் முதலிடத்தில் நின்றது. அதில் சுமார் 20 கோடி டன் லவுசிட்ஸிலிருந்து வந்தது. ஒரு டன் நிலக்கரிக்கு ஏறத்தாழ 6 கன மீட்டர் நீர் என்ற விகிதத்தில், ஆண்டுதோறும் 120 கோடி கன மீட்டர் அளவுக்கு நிலத்தடி நீர் வெளியேற்றப்பட்டது. சோர்பியர் என்னும் சிறுபான்மை ஸ்லாவிய மக்களின் ஊர்கள் உட்பட, 130க்கும் மேற்பட்ட ஊர்கள் முழுமையாகவோ பகுதியாகவோ சுரங்கங்களுக்காக அழிக்கப்பட்டன. அந்த இழப்பு கண்ணுக்குத் தெரிந்தது. சுற்றிலும் சுமார் 2,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் நிலத்தடி நீர்மட்டம் இறங்கிய இழப்பைக் கிணறு வற்றிய குடியானவர்கள் மட்டுமே உணர்ந்தார்கள்.

இறைத்த நீர் போன இடத்தைப் பார்க்க வேண்டும். மின் நிலையங்களைக் குளிர்விக்கப் பயன்பட்டது போக, அதன் பெரும்பகுதி ஷ்ப்ரே ஆற்றிலும் ஷ்வார்ஸ எல்ஸ்டர் ஆற்றிலும் விடப்பட்டது. ஆயிரமாயிரம் ஆண்டுகளாக மண்ணுக்குள் சேர்ந்த நீர், சில பத்தாண்டுகளுக்குள் ஆற்றின் வழியே கடலுக்குச் சென்றது. இடைப்பட்ட அந்தக் காலத்தில் ஆற்றில் இயல்பைவிட மிகுதியாக நீர் ஓடியது. மழை பொய்த்த கோடையிலும் ஓட்டம் குறையவில்லை. மழையை எதிர்பார்க்காத ஒரு வரத்து கிடைத்துவிட்டால், அதைச் சார்ந்த பழக்கங்கள் வேகமாக வேரூன்றும். ஷ்ப்ரேவால்டின் மதகுகளும் படகுத் துறைகளும் மீன் குளங்களும் அந்த ஓட்டத்துக்கேற்ப நடத்தப்பட்டன. பெர்லினின் கிழக்கே மியூகெல் ஏரிக்கரையில் 1893 முதல் இயங்கும் ஃபிரீட்ரிக்ஸ்ஹாகன் நீரேற்று நிலையமும் அந்த ஆற்றையே நம்பியது. சுரங்கம் தந்தது ஆற்றின் இயல்பான வருவாய் அன்று, நிலத்தின் முதலைக் கரைத்துக் கொடுத்த தொகை என்பதை அன்றைய திட்டமிடுவோர் கணக்கில் எழுதவில்லை. ஒரு தலைமுறை முழுவதும் அந்தத் தொகையையே வருவாயாக எண்ணி வாழ்ந்தது.

நிலத்தின் மீதும் இதே பிழை நிகழ்ந்தது. ஷ்வார்ஸ பும்பே என்னும் பெரும் எரிசக்தி ஆலையின் தொழிலாளருக்காக ஹோயர்ஸ்வேர்டாவில் 1957 முதல் எழுந்த புது நகரம் உட்பட, பல குடியிருப்புகள் நீர்மட்டம் தாழ்ந்திருந்த நாளில் கட்டப்பட்டவை. அவற்றின் நிலவறைகள் அன்று உலர்ந்து கிடந்தன. சுரங்கங்கள் மூடப்பட்டு நிலத்தடி நீர் தன் பழைய மட்டத்துக்கு ஏறத் தொடங்கியபோது, அதே நிலவறைகளில் நீர் ஊறியது. நீர்மட்டம் மீள்வதற்காகப் பெரும் பொருள் செலவிடும் ஒரு வட்டாரம், அதே நீர்மட்டம் வீடுகளைத் தொடாதிருக்கவென்று நகரங்களுக்குள் தனியாகக் கிணறு அமைத்து இன்னும் இறைத்துக்கொண்டிருக்க வேண்டிய நிலை இப்படி வந்தது.

தோண்டிய பள்ளத்தை ஏரியாக்கலாம் என்ற எண்ணம் சுரங்கம் உச்சத்தில் இருந்தபோதே தோன்றியது. அதற்கு முன்னோடி ஒன்று தற்செயலாக நேர்ந்தது: ஹோயர்ஸ்வேர்டாவுக்கு அருகே 1945இல், போரின் கடைசி நாட்களில் இறைப்பு நின்றுபோனதால் ஒரு சுரங்கம் தானாகவே நிரம்பி கினாப்பன் ஏரி ஆயிற்று. நிலவடிவமைப்பாளர் ஓட்டோ ரிண்ட் (1906-1994), கைவிடப்படும் குழிகளை ஒன்றோடொன்று இணைந்த ஏரித் தொடராக மாற்றும் திட்டத்தை வரைந்தார். அதன் முதல் பயனாக, நிலக்கரி தீர்ந்த நீம்ட்ச் சுரங்கம் 1967 முதல் 1972 வரை ஷ்வார்ஸ எல்ஸ்டர் ஆற்று நீரால் நிரப்பப்பட்டு, சென்ஃப்டன்பெர்க் ஏரி என்ற பெயருடன் 1973இல் குளிப்போருக்குத் திறந்துவிடப்பட்டது. அந்த வெற்றி உண்மையானதே. ஆனால் அக்கம்பக்கத்துச் சுரங்கங்கள் இன்னும் இறைத்துக்கொண்டிருந்த நாளில், ஆறுகள் நிறைந்து ஓடிய நாளில் கிடைத்த வெற்றி அது. அதே முறையை எல்லாக் குழிகளுக்கும் ஒரே காலத்தில் கையாண்டால் நீர் எங்கிருந்து வரும் என்ற கேள்வி அப்போது எழவில்லை.

1990இல் ஜெர்மனி ஒன்றுபட்டதும் அந்தக் கேள்வி தலைக்குமேல் வந்து நின்றது. சந்தைப் போட்டியில் நிற்க முடியாத சுரங்கங்கள் சில ஆண்டுகளுக்குள் வரிசையாக மூடப்பட்டன. உற்பத்தி சரிந்தது, பல்லாயிரம் பேர் வேலை இழந்தனர், ஆற்றில் விடப்பட்ட நீரும் கூடவே குறைந்தது. தனியாரிடம் விற்க முடியாத பழைய சுரங்க நிலங்களைச் சீரமைக்க, மைய அரசும் பிராண்டன்பர்க், சாக்சனி, சாக்சனி-அன்ஹால்ட், துரிங்கியா மாநிலங்களும் செலவைப் பகிர்ந்துகொண்டன. பணியை நடத்த எல்.எம்.பி.வி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் அரசு நிறுவனம் அமைந்தது. இதுவரை 1,000 கோடி யூரோவுக்கும் மேல் இதற்குச் செலவாகியுள்ளது. பணத்தைவிடப் பெரிய கடன் நீரில் இருந்தது. வெறுமையாகிப்போன மண் துளைகளையும் குழிகளையும் சேர்த்து நிரப்ப, சுமார் 1,300 கோடி கன மீட்டர் நீர் வேண்டியிருந்தது. மேட்டூர் அணையை ஏறக்குறைய ஐந்து முறை நிரப்பக்கூடிய அளவு அது.

மழையையும் ஊற்றையும் நம்பிக் குழிகளைத் தாமாக நிரம்ப விட்டால் பல பத்தாண்டுகள் ஆகும். அந்தத் தாமதத்தில் இரண்டு கேடுகள் இருந்தன. மெதுவாக ஏறும் நிலத்தடி நீர், குழியைச் சுற்றிலும் கொட்டிவைத்த மண்ணிலிருந்து அமிலத்தைக் கரைத்துக்கொண்டு வரும். வெளியிலிருந்து அழுத்தும் நீருக்கு உள்ளிருந்து எதிர்அழுத்தம் இல்லாவிட்டால் கரைகள் சரியும். ஆற்று நீரை வேகமாக உள்ளே விட்டால் இரண்டும் தணியும். ஆனால் அந்த ஆற்று நீரையே கீழ்ப்பகுதி மக்களும் கேட்டார்கள். இந்தப் பங்கீட்டை நாள்தோறும் நடத்துவதற்காக 2000இல் சென்ஃப்டன்பெர்க் நகரில் ஒரு நிரப்பு நடுவம் நிறுவப்பட்டு, ஷ்ப்ரே, ஷ்வார்ஸ எல்ஸ்டர், எல்லையாறான நைசே ஆகிய மூன்றின் ஓட்டத்தையும் அளந்து, எந்த மதகை எவ்வளவு திறப்பது என்று முடிவெடுக்கும் பொறுப்பு அதற்குத் தரப்பட்டது. ஆற்றில் குறைந்தபட்சமாக ஓட வேண்டிய நீர் முதலில். ஏற்கெனவே உரிமை பெற்ற பயனாளர்கள் அடுத்து. மிஞ்சுவது மட்டுமே குழிக்கு என்பது நடைமுறை. மாநில எல்லைகளைத் தாண்டி ஒரே ஆற்றை ஒரே கணக்கேட்டில் எழுத ஒப்புக்கொண்ட இந்த ஏற்பாடே, லவுசிட்ஸ் சீரமைப்பில் மற்ற நாடுகள் முதலில் கற்க வேண்டிய பகுதி. பார்வையாளரைக் கவரும் ஏரிக்கரைகளும் படகுத் துறைகளும் அதன் பின்விளைவுகளே.

நீரின் அளவோடு நீரின் தன்மையும் மாறியிருந்தது. லவுசிட்ஸ் மணலில் பைரைட் என்னும், இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம் பரவலாக உண்டு. நீருக்கடியில் காற்றுப்படாமல் இருந்தவரை அது அசையாமல் கிடந்தது. நீர்மட்டத்தை இறக்கியபோதும் மண்ணைப் புரட்டியபோதும் காற்றிலுள்ள ஆக்சிஜன் அதைத் தொட்டுச் சிதைத்தது. நீர் மீண்டும் ஏறியபோது, சிதைந்த கனிமத்திலிருந்து அமிலமும் கரைந்த இரும்பும் சல்பேட் என்னும் கந்தக உப்பும் வெளிவந்தன. பல புதிய ஏரிகளின் நீர், மீன் வாழ முடியாத அளவுக்குப் புளிப்பேறியிருந்தது. சுரங்கத் தொழிலாளரின் காவல் புனிதையான பார்பராவின் பெயர் சூட்டிய கப்பல் ஒன்று, சுண்ணாம்புக் குழம்பை ஏரியின் மேற்பரப்பில் பீய்ச்சிக்கொண்டே சுற்றிவந்து அந்தப் புளிப்பை முறிக்கிறது. ஒருமுறை செய்தால் தீராத வேலை அது, அமிலம் ஊறிவரும் வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும்.

கரைந்த இரும்பு நிலத்தடியில் இருக்கும்போது நிறமற்றது. ஓடையில் கலந்து காற்றுப் பட்டவுடன் அது துருவாகத் திரிந்து, காவி நிறச் சேறாகப் படிகிறது. சிறு வாய்க்கால்களின் அடியில் விரல் கனத்துக்கு அந்தச் சேறு மூடினால் மீன் முட்டைக்கும் நீர்ப்பூச்சிக்கும் மூச்சுக்கு வழியில்லை. 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஷ்ப்ரே ஆறு நெடுந்தூரம் பழுப்பு நிறமாக ஓடியதைக் கண்டு, யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாகிய ஷ்ப்ரேவால்டின் படகுக்காரரும் விடுதி நடத்துவோரும் அஞ்சிப் போராடினார்கள். அங்கே சேறு போய்ச் சேராதபடி, மேலேயுள்ள ஷ்ப்ரெம்பெர்க் அணையின் தலைப்பில் சுண்ணாம்பும் இரும்பைத் திரட்டும் வேதிப்பொருளும் கலந்து, இரும்பை அணைக்குள்ளேயே படியவைக்கிறார்கள். பைட்ஸ் ஆலைக்குத் தாது தந்த அதே இரும்புதான் இது. அன்று புல்வெளியின் அடியில் மெல்ல மெல்லப் படிந்தது, சுரங்கத்தின் கைபட்டபின் ஆற்றுக்குள் அள்ளி எறியப்படுகிறது. சல்பேட் இப்படிப் படிவதில்லை. அது நீரோடு கரைந்தே பெர்லின் வரை செல்லும். குடிநீரில் அதற்கு லிட்டருக்கு 250 மில்லிகிராம் என்று வரம்பு இருப்பதால், அதைத் தணிப்பதற்கு நல்ல நீரைக் கூடுதலாகக் கலப்பதே நடைமுறையில் உள்ள வழி. ஆகவே ஆற்றில் ஓட்டம் குறையக் குறைய, தன்மையும் கெடும். அளவும் தன்மையும் தனித்தனித் துறைகளின் கோப்புகளாக இருக்க முடியாது என்பதை லவுசிட்ஸ் மிகுந்த செலவில் அறிந்துகொண்டது.

மண்ணும் தன் பங்குக்கு எதிர்ப்பட்டது. பாலங்கள் கொட்டிய மணல் தளர்வாகக் குவிந்தது. நீர் ஏறி அது நனைந்ததும், சிறு அதிர்ச்சியிலேயே குழம்பாக மாறி ஓடக்கூடியது. 2010 அக்டோபரில் ஷ்ப்ரேடால் அருகே சீரமைக்கப்பட்ட நிலம் பெரும்பரப்பில் திடீரென இளகிச் சரிந்து, லாரிகளை விழுங்கியது. அதன்பின் மரம் நட்டு, உழுது, மக்களிடம் ஒப்படைத்த நிலங்களும் ஆயிரக்கணக்கான ஹெக்டேர் அளவுக்கு மீண்டும் வேலியிட்டு மூடப்பட்டன. நீர் திரும்பிவந்து நிலைகொள்ளும்வரை சுரங்க நிலம் மீட்கப்பட்டதாகக் கருத முடியாது என்று இதனால் தெளிவாயிற்று.

மீட்புக்குப் பிந்தைய கணக்கில் யாரும் விரும்பாத ஒரு செலவும் உண்டு. காடும் வயலும் இருந்த இடத்தில் இன்று 20க்கும் மேற்பட்ட ஏரிகள், சுமார் 14,000 ஹெக்டேர் பரப்பில் விரிந்துள்ளன. திறந்த நீர்ப்பரப்பிலிருந்து ஆண்டில் ஆவியாகும் நீர், இந்த வட்டாரத்தில் அதன்மேல் பெய்யும் மழையைவிடப் பெரும்பாலான ஆண்டுகளில் மிகுதி. அதாவது நிரம்பிய பின்னும் ஏரிகள் நீர் கேட்டுக்கொண்டே இருக்கும். கோடையில், ஆறு மெலிந்திருக்கும் அதே வாரங்களில், அதிகமாகக் கேட்கும். 2018 முதல் 2020 வரை தொடர்ந்த வறட்சியில் ஷ்வார்ஸ எல்ஸ்டர் ஆறு சென்ஃப்டன்பெர்க் வட்டாரத்தில் கோடைதோறும் நெடுந்தூரம் உலர்ந்துபோனது. கொட்புஸ் நகரின் ஓரத்தில் 2015இல் மூடப்பட்ட சுரங்கத்தை 1,900 ஹெக்டேர் ஏரியாக்கும் பணி 2019 ஏப்ரல் 12 அன்று விழாவோடு தொடங்கி, ஆற்றில் நீர் போதாமையால் சில நாட்களிலேயே நிறுத்தப்பட்டது. ஷ்ப்ரே நீரை அந்தக் குழிக்குள் கொண்டுசென்ற வழி, 16ஆம் நூற்றாண்டில் வெட்டிய ஹாமர்கிராபன் வாய்க்காலே. மழை மிகுந்த குளிர்காலங்களில் விட்டு விட்டு நிரப்பியே 2024 இறுதியில் ஏரி திட்டமிட்ட மட்டத்தை எட்டியது.

எஞ்சியுள்ள சுரங்கங்களும் 2020இன் சட்டப்படி 2038க்குள் மூடப்பட வேண்டும். அப்போது ஆறு என்னவாகும் என்று ஜெர்மனியின் கூட்டாட்சிச் சுற்றுச்சூழல் முகமை 2023இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. கொட்புஸ் அருகே ஓடும் ஷ்ப்ரே நீரில் பாதி சுரங்கங்களிலிருந்து இறைத்த நீர் என்றும், வெப்பமான கோடை மாதங்களில் அந்தப் பங்கு 75 விழுக்காடு வரை உயர்கிறது என்றும் அது கணித்தது. இறைப்பு நின்றால் அந்தப் பங்கு நிற்கும். போதாக்குறைக்குக் கடைசிச் சுரங்கங்களின் குழிகளும் நீர் கேட்கும். சுரங்க ஏரிகளின் மட்டத்தைச் சற்றே ஏற்றி இறக்கி, குளிர்காலத்து வெள்ளத்தைக் கோடைக்குத் தேக்குவது, பழைய அணைகளை வலுப்படுத்துவது, நைசே, ஓடர், எல்பே ஆறுகளிலிருந்து நீர் கொண்டுவருவது ஆகியவை முன்வைக்கப்பட்டன. இவற்றில் முதலிரண்டும் அறிவுக்குப் பொருந்துபவை; லோசா போன்ற இடங்களில் சுரங்கக் குழியை நீர்த்தேக்கமாக நடத்திய பழக்கமும் அங்கே உண்டு. மூன்றாவதோ பக்கத்து ஆற்றின் வறட்சியைத் தன் வறட்சியோடு சேர்த்து எண்ண மறுக்கும் யோசனை, ஏனெனில் லவுசிட்ஸில் மழை பொய்க்கும் ஆண்டுகளில் எல்பேயிலும் மணல் தெரிகிறது. ஆற்றின் அகலத்தையும் ஷ்ப்ரேவால்டின் நீர்த்தேவையையும் சுரங்கத்துக்கு முந்தைய இயல்புக்கு ஏற்பச் சுருக்கிக்கொள்வதே கடினமான, ஆனால் நேர்மையான வழி. அதுவும் தேக்கத்தோடு சேர்ந்தே பலன் தரும்.

இந்த வரலாறு தமிழகத்துக்குத் தொலைவானதன்று. 1956இல் தொடங்கப்பட்ட நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம், ஜெர்மானியச் சுரங்கங்களில் வளர்ந்த அதே சக்கர வாளி இயந்திரங்களையும் கொண்டுசெல்லும் பட்டைகளையும் கையாள்கிறது. நெய்வேலியில் நீரின் நெருக்கடி இன்னும் கடுமை: நிலக்கரிப் படுகைக்குக் கீழே அடைபட்டுள்ள ஊற்றுநீர், சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ அழுத்தத்துடன் மேல்நோக்கித் தள்ளுவதால், 1961 முதல் இடைவிடாது இறைக்கிறார்கள்; இறைத்தால்தான் சுரங்கத் தளம் வெடிக்காமல் நிற்கும். அந்த நீர் மின் நிலையங்களுக்கும் நகரியத்துக்கும் போக, வாலாஜா ஏரி, பெருமாள் ஏரி வழியாகக் கடலூர் மாவட்டத்து வயல்களுக்குப் பாய்கிறது; வறட்சிக் காலங்களில் சென்னைக் குடிநீருக்கும் நெய்வேலி நீர் துணை நின்றது. சுரங்கம் இயங்கும்வரை கடைமடைக்கு வரும் இந்த நீர், ஷ்ப்ரே ஆற்றுக்கு வந்ததைப் போலவே, மழை தந்த வருவாய் அன்று. அதே வேளையில் சுரங்கத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் கிணற்று நீர் ஆழத்துக்குப் போய்விட்டது என்ற முறையீடு பல பத்தாண்டுகளாக இருந்துவருகிறது.

நெய்வேலிச் சுரங்கங்களுக்கும் ஒரு முடிவு உண்டு. எந்த ஏரிக்கு எவ்வளவு சுரங்க நீர் இன்று வருகிறது, இறைப்பு நிற்கும் ஆண்டில் அந்த ஆயக்கட்டுக்கு நீர் எங்கிருந்து வரும், எஞ்சும் குழிகளை நிரப்பும் நீரை யாருடைய பங்கிலிருந்து எடுப்பது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை எழுதி, பாசன விவசாயிகளின் முன்னிலையில் வெளியிடும் பொறுப்பை நிறுவனமும் மாநில நீர்வளத் துறையும் இறைப்பு நடந்துகொண்டிருக்கும் இப்போதே ஏற்க வேண்டும்.